குழந்தைகள் வார்டிலிருந்து பெரியவர்கள் ஓபிக்கு: சிக்கிள் செல் உள்ள பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும்

என் தம்பிக்கு இப்போது 22 வயது. ஒன்றரை வயதில் கை விரல்களெல்லாம் வீங்கி ராத்திரி முழுக்க அழுதபோதுதான் அவனுக்கு சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் சோகை என்று தெரிந்தது. பெற்றோர் வழியாக வரும் ரத்த நோய் இது, சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியைக் கிளப்பும். அதற்குப் பிறகு பதினோரு வருடத்துக்கு மேல் ஒரே குழந்தைகள் டாக்டர், ஒரே வார்டு, பெரும்பாலும் அதே நர்ஸ் அக்கா. அவன் வாசலில் நடந்து வருவதைப் பார்த்தே "இடுப்பா, முதுகா?" என்று கேட்பார். நாங்கள் எதையும் விளக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

பதின்மூன்று வயதில் ஒரு காலை, ஓபி சீட்டு போடும் இடத்தில், ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு "பன்னிரண்டு முடிஞ்சிடுச்சு, இனிமே பெரியவங்க பக்கம் போங்க" என்றார்கள். அவ்வளவுதான். கடிதம் கிடையாது, யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயர் கிடையாது. அவன் அப்போது பார்க்க ஒன்பது வயதுப் பையன் மாதிரி இருந்தான் (இந்த நோயில் வளர்ச்சியும் பருவமடைவதும் ஓரிரு வருடம் தள்ளிப்போவது சகஜம்). பெரியவர்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தாத்தா "யாரைப் பார்க்க வந்தே?" என்று அவனைத்தான் கேட்டார்.

நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை நீங்கள் முன்கூட்டியே செய்துவிட முடியும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இது சின்ன விஷயம் இல்லை. இந்த நோய் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கும் அமெரிக்காவிலேயே, குழந்தைகள் மருத்துவத்தை விட்டு வெளியே வந்த உடனடி வருடங்கள்தான் ஆபத்தானவை என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். 18 முதல் 30 வயதுக்காரர்கள்தான் அவசரப் பிரிவுக்கு அதிகம் ஓடுகிறார்கள். அந்த வயதில் பழகிய டாக்டர் இல்லை, மருந்து விட்டுப்போகிறது, சின்ன வயதிலிருந்து உறுப்புகளில் சேர்ந்து வந்த பாதிப்பும் அப்போதுதான் தலைகாட்டுகிறது. மூன்றும் ஒரே சமயத்தில் வருகிறது.

எப்போது தொடங்குவது

தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடும். சில இடங்களில் 18 வரை பார்ப்பார்கள். உங்கள் மருத்துவமனையில் என்ன கணக்கு என்று பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதே கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே இன்னொன்றும் கேளுங்கள்: "அதுக்கு அப்புறம் நாங்க யாரைப் பார்க்கணும் டாக்டர்?" பெயரும் ஓபி கிழமையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். குழந்தைகள் டாக்டரே பெரியவர்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேட்டால் பெரும்பாலானவர்கள் செய்வார்கள், கேட்காமல் நடக்காது.

இந்தக் கட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று பற்றியும் ஒரு தடவை வாய் திறந்து கேட்டுவிடுங்கள். கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது பொருந்தினால், சின்ன வயதில் செய்யும்போதுதான் பலன் நன்றாக இருக்கிறது. எங்களுக்கு இது தெரியவந்தபோது அவனுக்குப் பத்தொன்பது ஆகிவிட்டிருந்தது. எனக்கும் அவனுக்கும் பொருந்தவும் இல்லை, ஆனாலும் முன்பே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது.

ஃபைல்

எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. அதற்குள் பதினோரு வருடத்துச் சீட்டுகள், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் பல அந்த வழவழப்பான தாளில் அடித்தவை, எழுத்தே மறைந்துபோய் வெள்ளையாகக் கிடந்தன. அவனுக்கு என்ன வகை சிக்கிள் செல் என்று காட்டும் முதல் ரிப்போர்ட்டும் அப்படித்தான் போனது, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதலில் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள், முக்கியமானதை ஜெராக்ஸ் எடுங்கள். முக்கியமானது என்றால் இவை: எந்த வகை என்று சொல்லும் ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரசிஸ் ரிப்போர்ட், எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும், எப்போதெல்லாம் ரத்தம் ஏற்றினார்கள் என்ற விவரம், ரத்த வங்கியில் ஆன்டிபாடி (ஏற்றும் ரத்தத்தை எதிர்க்கும் பொருள்) இருப்பதாகச் சொல்லியிருந்தால் அந்தச் சீட்டு, தடுப்பூசி அட்டை, சின்ன வயதில் மூளை ரத்தக் குழாய்க்கு எடுத்த டாப்ளர் ஸ்கேன். தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடுவதால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டாயிற்றா, அடுத்தது எப்போது என்று பெரியவர்கள் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் அட்டையைக் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

ஒரு பக்கக் காகிதம்

ஃபைலை யாரும் படிக்கப் போவதில்லை. கேஷுவாலிட்டியில் ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டி டாக்டருக்கு முப்பது விநாடிதான் இருக்கும். அவருக்காக ஒரே ஒரு பக்கம் தயார் செய்து, டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, லேமினேட் செய்துவிடுங்கள். ஒரு பிரதி பர்ஸில், ஒன்று ஹாஸ்டல் அறையில், படம் போனில். டாக்டர்களுக்கு வேகமாகப் படிக்க வர வேண்டும் என்பதால் அதை ஆங்கிலத்திலேயே அடித்துக்கொள்வது நல்லது. தம்பியின் தாளில் இருப்பது ஏறத்தாழ இப்படி:

எனக்கு சிக்கிள் செல் நோய், எஸ்எஸ் வகை. என் வழக்கமான ஹீமோகுளோபின் 8. வழக்கமான ஆக்சிஜன் அளவு 96. கண் எப்போதும் லேசாக மஞ்சளாகத்தான் இருக்கும். ரத்த வகை இது, ரத்தம் ஏற்றியது மூன்று முறை, ஆன்டிபாடி இல்லை. தினமும் எடுக்கும் மருந்து இவை, இந்த அளவில். வலி வந்தால் எனக்குக் கேட்கும் மருந்து இது, இந்த அளவில். இன்ன மருந்துக்கு அலர்ஜி. என் டாக்டர் இவர், எண் இது. காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால் என்னை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அந்த "வழக்கமான ஹீமோகுளோபின் 8" என்ற வரிதான் அதிகம் உதவியிருக்கிறது. புதிதாகப் பார்க்கிற டாக்டர் 7.8ஐப் பார்த்ததும் பதறி ரத்தம் ஏற்றச் சொல்லிவிடுவார். ஆனால் அது அவனுடைய சாதாரண அளவு. மற்ற சிக்கல் இல்லாத வெறும் வலிக்கு ரத்தம் ஏற்றத் தேவையில்லை. தேவையில்லாமல் ஏற்ற ஏற்ற உடலில் இரும்புச் சத்து சேரும், ஆன்டிபாடி உண்டாகிப் பின்னால் பொருந்தும் ரத்தம் கிடைப்பதே கஷ்டமாகிவிடும். நெஞ்சுப் பாதிப்பு, பக்கவாதம், ஹீமோகுளோபின் திடீரென்று சரிவது போன்ற நேரங்களில் ஏற்றித்தான் ஆக வேண்டும், அது வேறு. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வழக்கமான எண் தெரிந்திருக்க வேண்டும்.

கண் மஞ்சள் பற்றிய வரியும் அப்படித்தான். சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் வருகிற மஞ்சள் அது. இது தெரியாமல் எத்தனை வீடுகளில் காமாலை என்று கீழாநெல்லியும் பத்தியமும் கொடுத்துப் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்! வழக்கத்தைவிட மஞ்சள் கூடினாலோ, வலது பக்கம் வயிறு வலித்தாலோ பித்தப்பைக் கல் இருக்கலாம், ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளையைப் பேச விடுங்கள்

இது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. டாக்டர் தம்பியைப் பார்த்து "வலி எத்தனை நாளா?" என்று கேட்டால் நான் பதில் சொல்வேன், அம்மா திருத்துவார், அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பதினாறு வயதில் ஒரு நாள் வெளியே வந்து "அக்கா, அடுத்த தடவை நீ வாயே திறக்காதே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

பிறகு வீட்டில் பழகினோம். நான் டாக்டர் மாதிரி உட்கார்ந்து கேட்பேன், அவன் சொல்ல வேண்டும்: என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது அட்மிட் ஆனேன், இந்த வலி வழக்கமான வலி மாதிரி இருக்கிறதா இல்லையா. பன்னிரண்டு வயதில் மருந்தின் பெயரும் அளவும் சொல்லத் தெரிந்தால் போதும். பதினான்கில் தானே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துச் சாப்பிட வேண்டும், நீங்கள் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பதினாறில் ஓபியில் முதல் பத்து நிமிடம் அவன் மட்டும் உள்ளே, பிறகு நீங்கள். அந்தப் பத்து நிமிடம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோயில் பையன்களுக்கு ஆணுறுப்பு தானாக விறைத்து வலியோடு மணிக்கணக்கில் அடங்காமல் இருப்பது வரும். நாலு மணி நேரம் தாண்டினால் அது அவசர சிகிச்சை, தள்ளிப்போட்டால் நிரந்தரப் பாதிப்பு. அக்காவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையன் இதைச் சொல்வான்? சொல்ல வெட்கப்பட்டே பலர் பாதிக்கப்படுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கும் மாதவிலக்கு சமயத்து வலி, கருத்தடை என்று தனியாகக் கேட்க நிறைய இருக்கும்.

வலி இல்லாத நாளில் போங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புது மருத்துவமனைக்கு முதல் தடவை போவது கிரைசிஸ், அதாவது கடும் வலி, வந்த ராத்திரியாக இருக்கக் கூடாது.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. தம்பிக்குப் பதினேழு, ஹாஸ்டலில் சேர்ந்து மூன்றாவது வாரம். ராத்திரி இடுப்பிலும் முதுகிலும் வலி பிடித்து நண்பர்கள் ஆட்டோவில் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படுத்தவன், வழக்கமாகப் போடும் ஊசியின் பெயரையும் அளவையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். சரியாகச் சொன்னதே தப்பாகிவிட்டது. "பேரெல்லாம் தெரியுதே, எத்தனை நாளா இந்த ஊசி போட்டுக்கறே?" என்று போதைக்காகக் கேட்கிறவனைப் போலக் கேட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் ஒன்றும் போடாமல் வைத்திருந்தார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் அழுது முடித்து, பேசவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் வலி வந்தாலும் மருத்துவமனைக்கு வர மறுத்தான்.

வலியோடு வருகிற சிக்கிள் செல் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்து போய்ச் சேர வேண்டும் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இங்கிலாந்தில் அரை மணி நேரம். இதையும் உங்கள் ஒரு பக்கக் காகிதத்தில் கடைசி வரியாகச் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, எங்கே போவது? ஹீமட்டாலஜி (ரத்த நோய்கள்) பிரிவு இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அது. இல்லையென்றால் ஜெனரல் மெடிசின் ஓபியில் ஒரே யூனிட்டில் தொடர்ந்து காட்டுங்கள், வாரத்துக்கு ஒரு டாக்டர் என்று மாறாதீர்கள். எங்கள் சொந்த ஊர் கூடலூர் பக்கம், தம்பி வளர்ந்ததுதான் அப்பா வேலை பார்த்த சமவெளி ஊரில். நீலகிரியில் இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்: கூடலூரில் அஸ்வினி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை, கோத்தகிரியில் நாவா என்ற ஆதிவாசி நலச் சங்கம். இந்தியாவில் இந்த நோயின் கூறு முதலில் பதிவானதே 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், லேமன், கட்பஷ் என்ற இருவர் எழுதினார்கள். அப்படியிருந்தும் மலையை விட்டு இறங்கினால் "இது ஆப்பிரிக்காக்காரங்களுக்கு வர்றதாச்சே" என்று சொல்லும் டாக்டரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் காகிதத்தை நீட்டுங்கள்.

நன்றாக இருக்கும் நாளில் போய் ஓபி சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, வழக்கமான ரத்த அளவுகளை அங்கேயே ஒரு தடவை எடுத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு கேஷுவாலிட்டி எங்கே இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் நர்ஸிடம் பிள்ளையே தன்னை அறிமுகம் செய்துகொள்ளட்டும். குழந்தைகள் டாக்டரிடம் இன்னும் ஓரிரு தடவை போக அனுமதி இருக்கும்போதே இந்த முதல் சந்திப்பு நடந்தால், பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கவும் நேரம் இருக்கும்.

மருந்து விஷயம்

ஹைட்ராக்சியூரியா மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இடைவெளி விடாமல் சாப்பிட்டால்தான் பலன். இந்த வயதில் பிள்ளைகள் நிறுத்திவிடுவதற்கு முக்கியக் காரணம், மருந்துக் கடையில் "இது கேன்சர் மாத்திரையாச்சே" என்று கேட்டுவிடுவது. ஆமாம், அதற்கும் கொடுப்பார்கள், இதற்கும் கொடுப்பார்கள், இதில் அது கருவில் இருக்கும்போது இருந்த வகை ஹீமோகுளோபினைக் கூட்டி வலியைக் குறைக்கிறது. இதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள். அளவு உடல் எடையை வைத்துக் கணக்கிடுவது, அதனால் வளர்கிற வயதில் எடை கூடும்போது பழைய அளவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். அளவை மாற்றும் சமயத்தில் மாதம் ஒரு தடவை ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும், நிலையான பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் உடம்பு வலிக்கு ஊசி போடும்போது ஸ்டீராய்டு சேர்த்துப் போடுவது நம் ஊரில் சாதாரணம். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அதனால் வலி அடங்கின மாதிரி அடங்கி மறுபடி பெரிதாகக் கிளம்பிவிடும், இடுப்பு எலும்புக்கும் கெடுதல். என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளையும் தானாக வாங்கி நாள்கணக்கில் போடக் கூடாது, சிறுநீரகம் ஏற்கெனவே கஷ்டப்படும் உறுப்பு.

அட்மிட் ஆகிப் படுத்திருக்கும்போது மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால், விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு தடவை பத்து முறை உள்ளே இழுக்க வேண்டும். வலியில் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருந்தால் நுரையீரலில் பிரச்சினை தொடங்கும். கருவி தராவிட்டால் கேளுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை

குழந்தைகள் டாக்டர் தானாக எழுதிக் கொடுத்த பரிசோதனைகளை இனி நீங்கள்தான் நினைவு வைத்துக் கேட்க வேண்டும். சிறுநீரில் புரதம், சிறுநீரக, கல்லீரல் ரத்தப் பரிசோதனை, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது, நிறைய ரத்தம் ஏற்றியவர்களுக்கு ஃபெரிடின் (உடலில் சேர்ந்த இரும்பின் அளவு). இடுப்பு மூட்டில் நடக்கும்போது வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ, மாடி ஏறினால் மூச்சு வாங்கினால் எக்கோ. பிறந்தநாள் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

காகித வேலைகள்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் ஒன்று. இது பலருக்குத் தெரியாது. யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஓடாமல் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே தொடங்குங்கள், மருத்துவக் குழு முன் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையில் இருக்கட்டும். சான்று தற்காலிகமானது என்றால் முடிகிற தேதியைக் குறித்து வையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பெற்றோரின் அட்டையில் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரை, திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். பெயர் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஹாஸ்டலும் கல்லூரியும்

வார்டனுக்கு டாக்டர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியது: வகுப்பில் தண்ணீர் பாட்டில் அனுமதி, கேட்டால் உடனே கழிப்பறைக்கு விட வேண்டும் (இந்த நோயில் சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது, அதனால் அடிக்கடி போக வேண்டியிருக்கும், ராத்திரியும்), குளிக்க வெந்நீர், மைதானத்தைச் சுற்றி ஓட வைக்கும் தண்டனை கூடாது, காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். அறை நண்பர்கள் இரண்டு பேருக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும். தம்பி முதலில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான், அந்த ராத்திரிக்குப் பிறகு அவனே சொன்னான். ஊட்டிக்கு டூர் என்றால் ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும், குளிரும் உயரமும் சேர்ந்து வலியைக் கிளப்பும்.

கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்

இது நோய் உள்ளவருக்கு மட்டுமல்ல, கூடப் பிறந்தவர்களுக்கும். நான் கேரியர், அதாவது நோயின் கூறு என்னிடம் உண்டு, எனக்கு நோய் இல்லை. கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. இருவரில் ஒருவருக்கு நோயும் மற்றவர் கேரியராகவும் இருந்தால் அது பாதிக்குப் பாதி. பீட்டா தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோயின் கேரியரைக் கட்டிக்கொண்டாலும் இதே கதைதான். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஹெச்பிஎல்சி ரிப்போர்ட் கேட்டோம், ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு போனது, அடுத்த குடும்பம் ஒரு வாரத்தில் எடுத்துக்கொண்டு வந்தது.

தம்பி இப்போது தன் ஓபிக்குத் தனியாகத்தான் போகிறான். போன மாதம் மூன்று மணி வரை போனே வரவில்லை, நான் வேலையில் இருப்புக் கொள்ளாமல் இருந்தேன். கடைசியில் ஒரு வாட்ஸ்அப் வந்தது: அவன் கையெழுத்தில் ஒரு நோட்டுப் பக்கம், எடை 51, ஹீமோகுளோபின் 8.4, மாத்திரை அளவு மாற்றம், கண் டாக்டர் தேதி, அதன் கீழே "அம்மாகிட்ட சொல்லிடு".